கல்யாணப் பத்திரிகையில் எள்

சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, என் வேலை மறுசீரமைப்பில் போய்விட்டதென்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். வீடு வந்து சேர்வதற்குள் நானும் அந்தச் செய்தியை மறுசீரமைத்துவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவியிடம், "வேலைய உட்டுட்டேன். இனிமேலுக்கு இந்த பூமிக்கு ஏதாச்சும் செய்யோணும்" என்றேன்.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். கையிலிருந்த விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "பூமிக்கு அப்புறம் செய்யலாங்க. நாலு நாளா கேஸ் சிலிண்டருக்குப் போன் பண்ணச் சொல்றேன், மொதல்ல அதைச் செய்யுங்க."

நான் சிலிண்டருக்குப் போன் பண்ணினேன். அதற்குப் பிறகு பூமிக்கு என்று இறங்கினேன்.

சோமனூரில் ஒரு பழைய தறிக்கூடத்தை வாடகைக்குப் பிடித்தேன். சுற்றிலும் விசைத்தறிகள். தறியிலிருந்து விழும் நூல் கழிவும், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் துணித் துண்டும் அந்தப் பக்கத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதை ஊறவைத்து, இயந்திரத்தில் அடித்துக் கூழாக்கி, தொட்டித் தண்ணீரில் கலக்கி, வலை அடித்த மரச்சட்டத்தால் அள்ளினால் ஒரு தாள். அந்த ஈரத்தாள்மேல் விதையைத் தூவி, இன்னொரு மெல்லிய தாளை மேலே படுக்கவைத்து, அழுத்திக் காயவைத்தால் விதைக் காகிதம். படித்து முடித்ததும் மண்ணில் புதைத்துத் தண்ணீர் விட்டால் செடி முளைக்கும். மரம் வெட்டாத காகிதம், குப்பைக்குப் போகாத காகிதம் என்று நான் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். உறவுக்காரர்கள் என்னைக் கண்டால் பந்தியில் வேறு வரிசையில் போய் உட்கார ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான்.

காகிதம் செய்ய ஐந்து பெண்கள் வந்தார்கள். எல்லோரும் பக்கத்துத் தறிக்கூடங்களில் வேலை பார்த்தவர்கள். வந்த முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிட்டேன், இங்கே யாரும் கூலிக்காரர் கிடையாது, ஐந்து பேரும் பங்குதாரர்கள், என்னை சார் என்று கூப்பிடக்கூடாது என்று. அவர்களில் மூத்தவர், "சரிங்க சார்" என்றார்.

அவரைத்தான் நான் அக்கா என்று கூப்பிடுவேன். உண்மையில் என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் அவர் தொட்டிக்கு முன்னால் நின்று சட்டத்தை முக்கி எடுப்பதைப் பார்த்தால் அக்கா என்றுதான் கூப்பிடத் தோன்றும். ஒரே முக்கு, ஒரே அசைப்பு, நாலு ஓரமும் ஒரே கனத்தில் தாள் வந்துவிடும். நான் அள்ளினால் ஒரு ஓரம் ரவா தோசை, மறு ஓரம் ஊத்தப்பம்.

திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். நான் பேசுவேன். அவர்கள் கேட்டுவிட்டு "சரிங்க" என்பார்கள். இதற்குக் கூட்டு முடிவு என்று பெயர் வைத்திருந்தேன். எங்கள் நிறுவனத்தில் எல்லா முடிவும் கூடித்தான் எடுக்கிறோம் என்று நாலைந்து கல்லூரி மேடைகளில் பேசியும் இருக்கிறேன். பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். அதுவும் பாலியெஸ்டர்.

விதை விஷயத்தில் மட்டும் நான் யாரையும் நுழையவிடவில்லை. அது என்னுடைய ஆராய்ச்சித் துறை. முதலில் நம் மண்ணுக்கு ஏற்றது என்று ஆமணக்கு விதையை வைத்தேன். காகிதத்துக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது, எழுதினால் பேனா குதிக்கும். அடுத்தது கடுகு. ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்காகச் செய்த குறிப்பேடுகளை அவர்கள் ஸ்டோர் ரூமில் வைத்திருந்தார்கள். கருத்தரங்கு தொடங்குவதற்கு முன்பே எலிகள் அவற்றைப் படித்து முடித்திருந்தன. கடைசியில் கீரை விதையில் வந்து நின்றோம். கீரை விதை அக்காவின் யோசனை. அதை மேடையில் நான் என் யோசனையாகச் சொல்லிவந்தேன்.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஒரு திங்கட்கிழமை, வட்டத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினார். அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

"என்ற புள்ளைக்குக் கல்யாணம் கூடி வந்திருக்குதுங்க. மாப்ள ஊடு வெள்ளகோவில் பக்கம்."

மற்ற நால்வருக்கும் முன்பே தெரிந்திருந்தது. எனக்காகத்தான் இந்த அறிவிப்பு. நிச்சயம் செய்த அன்று மாப்பிள்ளையின் அப்பா அக்காவிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் தறிக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிப் பழகியவர், அன்றைக்கு, "காகிதம் செய்யறேனுங்க" என்றிருக்கிறார். கையாலேயா என்று அந்த வீட்டில் எல்லோரும் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் அக்கா, கல்யாணப் பத்திரிகைக்கான காகிதத்தைத் தானே செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

"எங்க நாத்தனா சிரிக்கிறா சார். குப்பையில பத்திரிக்கை அடிக்கிறியான்னு கேக்கறா. நான் சொல்லிப்போட்டேன், பத்திரிக்கையப் பாத்துட்டு அப்புறம் பேசுன்னு." அதைச் சொல்லும்போது அக்காவின் கை மடியில் இருந்த துணித் துண்டை நீவிக்கொண்டே இருந்தது. "கேலண்டர் ஆர்டர் முடிஞ்சதுமே நாங்க அஞ்சு பேரும் உக்காந்து செஞ்சுபோடறோமுங்க. நல்ல வெதையாப் போட்டுக்கறோம்."

இதில் நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு டீ வாங்கிவரப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு மனசு இளகிவிட்டது. என் மனசு இளகினால் யாருக்காவது கஷ்டம் என்று பொருள். அப்போது நாங்கள் ஒருவருக்காகச் செய்துகொண்டிருந்த கேலண்டர் ஆர்டர் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பாவம், அக்கா எதற்கு அலைய வேண்டும், நாமே செய்து கையில் கொடுத்து ஆச்சரியப்படுத்துவோம் என்று முடிவு செய்தேன். இந்த முடிவைக் கூடி எடுக்கவில்லை.

"நல்ல விதை" என்று அக்கா சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நல்ல விதை எது? எது நூற்றுக்கு நூறு முளைக்கிறதோ அதுதான். வீட்டு ஜன்னலோரம் ஐந்து கிண்ணங்களில் ஈரத்துணி விரித்து, ஐந்து வகை விதைகளை எண்ணிப் போட்டு, ஏ, பி, சி, டி, ஈ என்று சீட்டு ஒட்டினேன். பெயர் எழுதினால் பாரபட்சம் வந்துவிடுமாம். தினமும் காலையில் எண்ணி, கணினியில் ஏற்றி, கோடு கோடாக வரைபடம் போட்டேன். ஈ அமோகமாக ஜெயித்தது. தட்டை விதை, அச்சடிக்கும்போது நசுங்காது, தண்ணீர் குறைவாக இருந்தாலும் முளைக்கும், எங்கள் வறண்ட பூமிக்கு ஏற்றது. அது கறுப்பு எள்.

எள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. போன ஆடி அமாவாசைக்குப் பேரூர் படித்துறையில் என் அப்பாவை நினைத்து எள்ளும் தண்ணீரும் விட்டதே இந்தக் கைதான். ஆனால் வரைபடத்தில் அது ஈ. அந்த ஈ-யும் படித்துறை எள்ளும் ஒன்று என்று என் மூளையின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவே இல்லை.

எள் வாங்க ஒரு எண்ணெய்ச் செக்குக்குப் போனேன். செக்குக்காரர் அளந்து போட்டுக்கொண்டே தணிந்த குரலில் கேட்டார். "ஏனுங்க, ஊட்ல ஏதாச்சும் காரியமுங்களா?"

"ஆமாங்க, கல்யாணக் காரியம்" என்றேன் உற்சாகமாக.

அவர் அளப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மீதியையும் போட்டுப் பொட்டலத்தைக் கட்டினார். எங்கள் பக்கத்து மனிதர்கள் முன்பின் தெரியாதவனின் முட்டாள்தனத்தில் தலையிடுவதில்லை. அதையும் ஒரு மரியாதையாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத ஷெட்டில் காலையிலிருந்து சாயந்தரம் வரை நின்று தாள் அள்ளினேன். இடுப்பு கழன்றது. கனம் கூடிக் குறைந்து வந்த தாள்களைக் கைவினையின் அழகு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காய்ந்ததும், மணப்பெண்ணிடம் ரகசியமாக விவரம் வாங்கி அச்சடித்துக் கட்டி, அடுத்த வாரம் அக்காவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற நால்வரையும் கைதட்ட வைத்தேன்.

அக்கா மேலே இருந்த பத்திரிகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்களே செஞ்சுபோட்டீங்களா சார்?"

"நீங்க எதுக்கு அலையோணும்? அதான் நானே."

"என்ன வெதைங்க?"

"நீங்க கேட்ட மாதிரியே நல்ல விதை" என்று கண்ணடித்தேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து, "சரிங்க சார், ரொம்ப சந்தோசமுங்க" என்றார். இரண்டு தாளுக்கு நடுவே புள்ளி புள்ளியாகத் தெரிந்ததைக் கீரை விதை என்றுதான் அவரும் நினைத்திருப்பார். வேறு யாராவது வேறு எதையாவது போடுவார்களா?

வளர்பிறையில் ஒருநாள் நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவி, வெற்றிலை பாக்கோடு முதல் பத்திரிகையை வெள்ளகோவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார் அக்கா. மற்ற பத்திரிகைகள் அவர் வீட்டு அலமாரியில் இருந்தன. சாமி கும்பிட்டு, அடுத்த நல்ல நாளிலிருந்து ஊருக்குக் கொடுப்பதாகத் திட்டம்.

ஆறாம் நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. "சார், பத்திரிக்கையில என்ன வெதைங்க போட்டீங்க?"

ஆச்சரியத்தை உடைக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று, ஏ-யிலிருந்து ஈ வரை முழு ஆராய்ச்சியையும் விவரித்து, "எள்ளுங்க்கா" என்று முடித்தேன். அக்கா மெதுவாக, "சம்பந்தி ஊட்ல இருந்து போன் பண்ணுனாங்க. ஒண்ணுமில்லீங்க அம்மணி, ஒருக்கா வந்துட்டுப் போங்கன்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எங்கள் ஊரில் ஒண்ணுமில்லீங்க என்று யாராவது ஆரம்பித்தால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. அச்சு நன்றாக இருக்கிறது என்று பாராட்டக் கூப்பிடுகிறார்கள் போல என்று மனைவியிடம் சொன்னேன்.

"அந்தக் கிண்ணத்துல ஈ-ன்னு எழுதியிருந்தீங்களே, அது எள்ளுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, கல்யாணப் பத்திரிக்கையில எள்ளப் போட்டு அனுப்பியிருக்கறீங்க. அது கல்யாணப் பத்திரிக்கையா, கருமாதிப் பத்திரிக்கையா?"

அப்போதுதான் படித்துறையும் வரைபடமும் என் தலைக்குள் முட்டிக்கொண்டன. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எள்ளுல இருந்து வர்றதுக்குப் பேரே நல்லெண்ணெய்தானே? நல்லதுன்னு பேர்லயே இருக்குது."

"அப்ப அதைத் தலையில தேச்சுக் குளிங்க. அந்தப் புள்ளையோட கல்யாணத்துல எதுக்குத் தேச்சீங்க?"

அக்கா தன் பெண்ணைக் கொடுக்கப்போகிற வீடு. அவர்கள் இதை அபசகுனமாக எடுத்துக்கொண்டால் கல்யாணம் நிற்கலாம். நிற்காவிட்டாலும், அம்மாக்காரி எள்ளைக் கொடுத்து அனுப்பியவள் என்ற பேச்சு அந்தப் பெண்ணின் பின்னாலேயே போகும். நான் உண்மையாகவே பயந்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரியில் நாக்பூர் போயிருந்தார். அதனால் மறுநாள் காலை நானும் மனைவியும் அக்காவைக் கூட்டிக்கொண்டு எங்கள் காரில் கிளம்பினோம். பூமிக்காக வாங்கிய மின்சாரக் கார் அது. ஏசி போடாமல் ஓட்டினால் வெள்ளகோவில் போய்த் திரும்பலாம், போட்டால் போக மட்டும்தான் முடியும். பல்லடம் தாண்டுவதற்குள் மூன்று பேரும் வேர்வையில் நனைந்துவிட்டோம். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் என்று பார்த்தாலே தெரிகிற கோலத்தில் இருந்தோம். வழி முழுக்க அக்கா என் மனைவியிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "தண்ணி இருக்குதுங்களா?"

மாப்பிள்ளை வீட்டில் எங்களை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாப்பிள்ளையின் அப்பா, வெள்ளை வேட்டியும் முண்டா பனியனுமாக, அறுபது வயதுக்காரர், வாசல்வரை வந்து "வாங்க, வாங்க அம்மணி, வாங்க தம்பி" என்று கூட்டிப்போய் உட்காரவைத்தார். அவர் மனைவி காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். உங்கள் பக்கம் மழை எப்படி என்று கேட்டார்கள். கோவையில் டிராஃபிக் எப்படி என்று கேட்டார்கள். காருக்கு எவ்வளவு நேரம் சார்ஜ் போட வேண்டும் என்று கேட்டு, அதற்கு நான் சொன்ன நீண்ட பதிலைப் பொறுமையாகக் கேட்டார்கள். அரைமணி நேரம் ஆகியிருக்கும். பிறகு அவர் தோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"தண்ணி பத்தாதுன்னு இந்த வருசம் ரண்டு ஏக்கரா எள்ளுதானுங்க தம்பி போட்டேன். நல்லா வந்திருக்குது."

என் தொண்டையில் முறுக்கு நின்றுவிட்டது. என் மனைவி பார்க்காமலே தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

அவர் சாமி அறைக்குப் போய் ஒரு தாம்பாளத்தோடு வந்தார். அதில் அந்தப் பத்திரிகை. மஞ்சள் தடவிய ஒரு மூலை ஊறி, காகிதம் பிரிந்து, அதிலிருந்து நாலைந்து முளைகள் வெளியே வந்திருந்தன. தினமும் சாமிக்குத் தெளித்த தண்ணீர் அதன்மேலும் பட்டிருக்கிறது. முதலில் பூச்சி என்று நினைத்ததாக அவர் மனைவி சொன்னார். எள் விவசாயியான அவருக்கு அது என்ன முளை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நல்லாத்தான் மொளச்சிருக்குதுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அக்காவைப் பார்த்துக் கேட்டார். "அம்மணி, இது நீங்க செஞ்சதுங்களா?"

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். மேடையில் இரண்டு மணி நேரம் பேசுகிறவன். பொறுப்பு என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்கியவன். காரில் வரும்போது முழு மன்னிப்புரையையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவன். என் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க அண்ணா. நாந்தானுங்க. தெரியாம செஞ்சுபோட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மனைவியும் திரும்பி அக்காவைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அப்பா தாம்பாளத்தைக் கீழே வைத்தார்.

"கல்யாணத்துக்கு ஒண்ணும் பங்கமில்லீங்க அம்மணி. புள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்குது. அதுல மாத்தமில்லை. ஆனா பத்திரிக்கைய மட்டும் நாங்க வேற அடிச்சுக்கறோமுங்க. நீங்க சிரமப்பட வேண்டாம்."

இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கை பட்ட காகிதம் எங்கள் வீட்டு நல்ல காரியத்துக்கு வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அக்கா "சரிங்க" என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையைத் துடைக்கிறார் என்று நினைக்க நான் ஆசைப்பட்டேன்.

எனக்கு அப்போதுதான் குரல் வந்தது. மனப்பாடம் செய்தது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. "அண்ணா, அக்கா செய்யலீங்க. நான் செஞ்சது. அவங்க செய்யறேன்னுதான் சொன்னாங்க. நாந்தான் குறுக்க பூந்து, கேக்காம, கொள்ளாம, அவங்களுக்குத் தெரியாம ஒருநாள்ல செஞ்சேன். எள்ளு போட்டதும் நாந்தான். அக்கா கையில செஞ்சிருந்தா இப்பிடி ஒரு தப்பு வந்திருக்காதுங்க." வார்த்தைக்கு வார்த்தை குரல் உடைந்தது. நாற்பத்தைந்து வயதில், முறுக்குத் தட்டுக்கு முன்னால், அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "அப்பறம் ஏன் அம்மணி நீங்க செஞ்சேன்னு சொன்னீங்க?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நானே செஞ்சு தாரேன்னு சொல்லிப்போட்டேனுங்களே அண்ணா. உங்ககிட்டச் சொன்னேன், எங்க நாத்தனாகிட்டச் சொன்னேன், ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன். என்ற காகிதம், என்ற காகிதம்னு. இப்ப வந்து நான் செய்யலைன்னு எப்பிடிச் சொல்றதுங்க?"

என் காதில் அது விழுந்தது, ஆனால் உள்ளே இறங்க நேரம் ஆனது. நான் எள்ளைப் போட்டதுதான் தப்பு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எள் இரண்டாவது தப்பு. தன் பெண்ணின் கல்யாணத்துக்குத் தன் கையால் ஒன்று செய்யவேண்டும் என்று ஒரு மனுஷி ஆசைப்பட்டார். அவருக்கு உதவி செய்கிறேன் என்று அதைப் பிடுங்கிக்கொண்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டேன். அது முதல் தப்பு.

மாப்பிள்ளையின் அம்மா தன் கணவரைப் பார்த்தார். அவர் தாம்பாளத்தை அப்பால் நகர்த்திவைத்தார்.

"அப்ப செஞ்சு குடுங்க அம்மணி" என்றார். "உங்க கையில செஞ்சு குடுங்க. நீங்க சொன்னது நெசமாயிப்போகும். ரண்டு ஊட்டுக்கும் அந்தப் பத்திரிக்கையே போதும்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, நீங்க இன்னொரு முறுக்கு எடுத்துக்கங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை வட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. கேலண்டர் ஆர்டரை ஒரு வாரம் தள்ளிக் கேட்கலாம் என்று அக்கா சொன்னார். கீரை விதையோடு துளசி விதையும் கலந்து போடலாம் என்று இன்னொரு பெண் சொன்னார். வெள்ளைத் துண்டை மட்டும் பொறுக்கி எடுத்தால் காகிதம் பளிச்சென்று வரும் என்று மூன்றாமவர் சொன்னார். இரண்டு வருஷமாக அந்த வட்டத்தில் இவ்வளவு யோசனைகள் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும். கேலண்டர்காரரிடம் பேசும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒரு வாரம் வாங்கி வந்தேன்.

அவர்கள் தாள் அள்ளிய இரண்டு நாளும் நான் துண்டு பொறுக்கினேன், தண்ணீர் சுமந்தேன், தொட்டி கழுவிய தண்ணீரைத் தென்னைகளுக்குத் திருப்பிவிட்டேன். பழக்க தோஷத்தில் ஒரு தடவை சட்டத்தின் பக்கம் கை போனது. "சார், நீங்க கொஞ்சம் அக்கட்டால நின்னுக்கறீங்களா" என்றார் அக்கா. தள்ளி நின்றுகொண்டேன். கொடியில் காய்ந்த அந்தத் தாள்களைப் பார்த்தபோது, என்னுடையதைக் காகிதம் என்று சொன்னதற்கே கூச்சமாக இருந்தது. பழைய பத்திரிகைகளை அக்கா எரிக்கவில்லை. தூக்கிக்கொண்டுவந்து, நனைத்துப் பிசைந்து, எள்ளை வடிகட்டி எடுத்துவிட்டு, கூழை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார். எதையும் வீணாக்காத தொழில் என்று நான் மேடையில் பேசுவது அதுதான். நான் அதைச் செய்து பார்த்தது கிடையாது.

கல்யாணம் வெள்ளகோவில் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. பத்திரிகையை எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்ததாகவும், இரண்டு பேர் முளைக்கவைத்து போட்டோ அனுப்பியதாகவும் அக்கா சொன்னார். நாத்தனார் தன் மகன் கல்யாணத்துக்கும் இதே காகிதம் வேண்டுமென்று ஆள் விட்டிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது அக்கா சிரித்ததை இன்னொரு தடவை பார்க்க நான் எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் சுமப்பேன்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது மாப்பிள்ளையின் அப்பா எங்களைப் பிடித்துக்கொண்டார். பட்டு வேட்டி கட்டிய சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு, "இவங்கதானுங்க என்ற சம்பந்தி. பத்திரிக்கைக் காகிதமே இவங்க கையில செஞ்சதுங்க. சோமனூர்ல கம்பெனி வெச்சிருக்காங்க" என்றார். எல்லோரும் அக்காவைக் கும்பிட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவர் என்னைக் கைகாட்டி, "இவருங்க?" என்றார்.

"தம்பி அம்மணிகிட்ட வேலை செய்யறாருங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அக்கா பதறிப்போய்த் திருத்துவதற்கு வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, "ஆமாங்க, ரண்டு வருசமாச்சுங்க" என்றேன். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேலையெல்லாம் பழகிட்டீங்களா தம்பி?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "இப்பத்தானுங்க பழகிட்டு வாராரு" என்றார்.